பின்னால் நிற்பவள்

முன்னால் நின்ற வைக்கோல் லாரி ஒரு முழம் பின்னால் உருண்டு வந்ததால்தான் எப்சிபா ரிவர்ஸ் கியரைப் போட்டாள். யாரையும் பார்ப்பதற்காக அல்ல. ரயில்வே கேட்டுக்கு ஏறும் சரிவில் லாரிகள் அப்படித்தான், நின்றுவிட்ட மாதிரி நின்று கொஞ்சம் இறங்கும், பிறகுதான் பிரேக் பிடிக்கும். கியர் விழுந்ததும், ரேடியோ நிலையத்தின் பெயர் ஓடிக்கொண்டிருந்த திரை ஒரு நொடி கறுத்துப் போய், காரின் பின்பக்கத்தைக் காட்டியது. ஈரத் தார் ரோடு, அதன்மேல் பச்சையும் மஞ்சளும் சிவப்புமாகக் கோடுகள், மஞ்சள் கோட்டுக்குச் சற்று அப்பால் ஒரு ஸ்கூட்டர், அதன்மேல் இரண்டு காலையும் தரையில் ஊன்றிக்கொண்டு, சாரலுக்குத் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, பிரமநாயகி. பம்பரிலிருந்த சென்சார் பீப் பீப் என்றது. எப்சிபா பிரேக்கை மிதித்தாள். ஏற்கெனவே மிதித்துக்கொண்டுதான் இருந்தாள், இன்னும் மிதித்தாள். நாயகியா. நாயகிக்கு ஸ்கூட்டர் ஓட்டத் தெரியாதே. சைக்கிளே தெரியாது என்பாளே, சின்ன வயதில் வாய்க்காலில் விழுந்தபின் தொட்டதே இல்லை என்று. அவளாக இருக்காது. மூக்கு அவளுடையது, உட்கார்ந்திருக்கும் விதம் அவளுடையது, வகுப்பில் நாற்காலி நுனியில் உட்காருவாளே, எழுந்து ஓடத் தயாராக இருப்பவளைப் போல, அதே உட்காரல். லாரி நின்றுவிட்டது. இனிப் பின்னால் போகவேண்டிய தேவையில்லை. கியரை நியூட்ரலுக்குத் தள்ளினாள். படம் போய்விட்டது, ரேடியோவில் ஒரு பெண் குற்றாலத்தில் தண்ணீர் வரத்து எப்படி என்று சொல்லிக்கொண்டிருந்தாள். எப்சிபா உள்கண்ணாடியில் பார்த்தாள். பின்சீட்டில் பத்தாம் வகுப்பு விடைத்தாள் கட்டுகளும் அறிவியல் கண்காட்சிக்குச் செய்த அட்டை எரிமலையும் அடைத்துக்கொண்டிருந்தன. அதற்குப் பின்னால் கண்ணாடி முழுவதும் ஆவியும் துளியும். பக்கத்துக் கண்ணாடி இரண்டிலும் மரமும் வானமும் ஒரு வேனின் ஓரமும்தான் தெரிந்தன. நேர் பின்னால் நிற்பவளைக் காட்ட இந்தக் காரில் கேமராவைத் தவிர வேறு எதுவும் இல்லை.

கேட்காரர் காலையிலேயே சொல்வார், சாயங்காலம் ரெண்டு வண்டி டீச்சர், ஒண்ணு போயி இன்னொண்ணு வரும், அதுவரைக்கும் திறக்க மாட்டோம் என்று. இன்னும் முதல் வண்டியே வரவில்லை. எப்சிபா எஞ்சினை அணைத்தாள். சாவியை மட்டும் பாதியில் விட்டாள். அந்தப் பாதிச் சாவியில் திரை எரியும், கியரைப் போட்டால் கேமராவும் எரியும், அது அவளுக்குத் தெரியும். ஏன் அப்படி விட்டாள் என்று கேட்டால் ரேடியோவுக்காக என்று சொல்லியிருப்பாள். கேட்பதற்கு யாரும் இல்லை. பக்கத்து சீட் காலியாக இருந்தது, சாப்பாட்டுப் பையை அதன்மேல் வைத்திருந்தாள், முன்பெல்லாம் அந்தப் பை காலடியில்தான் கிடக்கும். அந்த சீட்டில் நாயகிதான் உட்காருவாள். ஒரே பள்ளிக்கூடம், எப்சிபா அறிவியல், நாயகி தமிழ், தென்காசியிலிருந்து பள்ளிக்கூடம் இருக்கும் ஊருக்குக் காலையும் மாலையும் ஒன்றாகத்தான் போய்வந்தார்கள், முதலில் பஸ்ஸில், பிறகு எப்சிபா இந்தக் காரைப் பழையதாக வாங்கியபின் இதில். போகிற வழியெல்லாம் பேச்சு. நாயகிதான் பேசுவாள், எப்சிபா ஓட்டுவாள். பள்ளிக்கூடத்தில் காரை நிறுத்துமிடம் சைக்கிள் ஷெட்டுக்கும் குடிதண்ணீர்த் தொட்டிக்கும் நடுவில் ஓர் இடுக்கு, பின்னால் போய்த்தான் நுழைய முடியும். நாயகி தினமும் இறங்கி, சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னால் போய் நின்று, வா, வா, இன்னும் வா, ஒடி, அந்தப் பக்கம் இல்லட்டி இந்தப் பக்கம், போதும் என்பாள். இந்தப் பக்கம் என்றால் எந்தப் பக்கம் என்று ஒருநாளும் சொன்னதில்லை. எப்சிபாவுக்கு அவள் குரலிலேயே தெரிந்துவிடும், எந்தப் பக்கம் என்று. பிறகு ஒரு திங்கட்கிழமை காலை தெருமுனையில் நாயகி நிற்கவில்லை. போன் செய்தால், இனிமே நான் பஸ்ஸிலயே வந்துக்கிடுதேன் எப்சி, வீட்டுல நேரம் சரியா இருக்க மாட்டேங்கு, உனக்கு எதுக்குத் தொந்தரவு என்றாள். தொந்தரவு என்ற சொல்லை அவள் எப்சிபாவிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. அந்த வருடம் முடிவதற்குள் கடையநல்லூர்ப் பக்கம் மாறுதல் வாங்கிக்கொண்டு போயும் விட்டாள். நாயகி வராத அந்தத் திங்கட்கிழமையே எப்சிபா தனியாகப் பின்னால் எடுத்துத் தொட்டியின் மூலையில் இடித்தாள், விளக்கு உடைந்தது. அந்த வாரமே கேமரா மாட்டினாள்.

மாட்டிய கடைக்காரர் பொறுமையான ஆள், அவள் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டாள், வீட்டுக்குச் சீக்கிரம் போய் ஆகவேண்டியது ஒன்றும் இல்லையே. நம்பர் பிளேட்டுக்கு மேலே சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒன்றைப் பதித்தார். அதிலிருந்து ஒரு வயர் டிக்கிக்குள் நுழைந்து, சீட்டுக்கு அடியில் ஓடி, முன்னால் திரைக்கு வந்தது. இன்னொரு வயரை ரிவர்ஸ் லைட்டோடு சேர்த்தார். கியரைப் போட்டதும் லைட்டுக்குப் போகிற கரண்ட்தான் மேடம் கேமராவையும் எழுப்புது, திரைக்கும் அதுதான் போய்ச் சொல்லுது, பின்னால பாருன்னு. லைட் எரியாம கேமரா வராது, கேமரா வந்தா லைட் எரியும் என்றார். கோடெல்லாம் சும்மா படத்து மேல வரைஞ்சது, பின்னால சுவர் இருக்கா ஆள் இருக்கான்னு கோட்டுக்குத் தெரியாது, நீங்கதான் பாக்கணும். சென்சார் வேற, அது சத்தம் அனுப்பும், நமக்குக் கேக்காத சத்தம், போய் எது மேலயாவது பட்டுத் திரும்பி வர எவ்வளவு நேரமாகுதுன்னு பாத்து பீப் அடிக்கும். வௌவால் மாதிரி என்றாள் எப்சிபா. ஆமா மேடம் என்று சிரித்தார். லென்ஸ் அகலமாகப் பார்ப்பதால் எல்லாம் உள்ளதைவிடத் தள்ளித் தெரியும், தள்ளித்தானே இருக்கு என்று நம்பிவிடக் கூடாது என்றார். படம் இடவலம் மாறித்தான் வரும், மாற்றாவிட்டால் ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் ஒடிப்பது என்று குழம்பிவிடும். இடவல மாற்றம். எட்டாம் வகுப்பில் கண்ணாடி முன்னால் பிள்ளைகளை நிறுத்தி அவள் நடத்துகிற பாடம்தான். வலது கையைத் தூக்கு. கண்ணாடியில் எந்தக் கை? பிள்ளைகள் கத்தும். எல்லாம் புரிந்தது, திருப்தியாக இருந்தது. வீட்டுக்கு வந்து காரை நிறுத்தி, கேமராவைப் பார்த்து அழகாக நிறுத்தி, இறங்கிக் கதவைப் பூட்டியபோது, போதும் என்று யாரும் சொல்லவில்லையே என்று ஒரு நிமிடம் கேட்டுக்கொண்டு நின்றாள்.

நியூட்ரலில் கை இருந்தது. ஒரு தடவை பார்த்தால் என்ன. அவளாகவே இருந்தாலும் பார்த்தால் என்ன, ரோட்டில் நிற்கிறவளை யாரும் பார்க்கலாம். கிளட்சை மிதித்துக் கியரைப் போட்டாள். அவளேதான். பிளாஸ்டிக் பை ஒன்று ஹேண்டிலில் தொங்கியது, வெளிர் நிறத்தில் ஏதோ ஒரு சேலை, முந்தானை திரையின் இடது பக்கம் விழுந்திருந்தது. எதிரே நிற்கிற ஒருத்தியின் முந்தானை அந்தப் பக்கம் தெரியாது, கண்ணாடியில் தன்னைப் பார்த்தால்தான் அப்படித் தெரியும். தள்ளித் தள்ளி, சின்னதாக, தபால்தலையில் இருப்பவளைப் போல இருந்தாள். ஐந்தடிதான் இருக்கும் என்று எப்சிபாவுக்குத் தெரியும். முகத்தைப் பார்த்தாள். நெற்றியைப் பார்த்தாள். அப்போதுதான் அந்தக் கேள்வி வந்தது. நெற்றியில் பொட்டு இருக்கிறதா? நாயகியின் பொட்டு பெரிது, குங்குமச் சிவப்பு, ஸ்டாஃப் ரூமில் எல்லோரும் கேலி செய்கிற அளவு பெரிது. திரையில் அந்த இடத்தில் ஒரு மங்கல்தான் தெரிந்தது. சாரல் துளி ஒன்று லென்ஸில் உட்கார்ந்திருந்தது, சரியாக முகத்தின்மேல், நெற்றி துளிக்குள் போய்க் கோணலாகி வெளியே வந்தது. இருக்கிறது. இல்லை. துளியின் நிழலா, பொட்டா. ஸ்கூட்டர் அசைந்தது, நாயகி கால்களால் உந்தி வண்டியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டிருந்தாள், இன்னும் சின்னதாகிக்கொண்டே போனாள். எப்சிபாவுக்கு விளங்கவில்லை, பிறகு விளங்கியது. வெள்ளை விளக்கு. அவள் பார்க்கிறாள் என்றால் பின்னால் விளக்கு எரிகிறது, விளக்கு எரிந்தால் கார் பின்னால் வரப்போகிறது என்று அர்த்தம், யாராக இருந்தாலும் ஒதுங்கத்தான் செய்வார்கள். அவசரமாகக் கியரை எடுத்தாள்.

பொட்டு இல்லை என்றால் நாயகியின் வீட்டுக்காரர் சங்கரலிங்கம் சார் போய்விட்டார். போய்விட்டார் என்றால் எப்போது. எப்சிபாவுக்குப் பொட்டு வைக்கிற வழக்கம் கிடையாது, அவள் வீட்டில் அம்மாவும் வைத்ததில்லை, பாட்டியும் வைத்ததில்லை. சின்ன வயதில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் நெற்றியைப் பார்த்து ஏன் மூளியா இருக்க என்று கேட்டு அழவைத்திருக்கிறார்கள். வெறும் நெற்றியில் ஒன்றும் இல்லை என்று அவளுக்குத் தெரியும். ஆனால் நாயகியின் வெறும் நெற்றி அப்படியில்லை. முகம் கழுவும்போது ஒட்டுப் பொட்டை எடுத்து எங்காவது ஒட்டிவைப்பாள், டம்ளரில், ஜன்னல் கம்பியில், இந்தக் காரின் வெயில் மறைப்பில்கூட ஒன்று இருக்கிறது. எப்சிபா மறைப்பை இறக்கிப் பார்த்தாள். இருந்தது. கறுத்துப் போய், ஓரம் சுருண்டு. அதை ஏன் உரிக்கவில்லை. மறந்துவிட்டது என்று சொல்லலாம். காய்ச்சலாக இருக்கும், ஒவ்வாமையாக இருக்கும், ஒட்டுப் பொட்டின் பசை சிலருக்கு அரிக்கும், நாயகியே சொல்லியிருக்கிறாள். சாரலில் விழுந்திருக்கும். ஆனால் மாசியிலா பங்குனியிலா, ஒரு நாள் எப்சிபா ஸ்டாஃப் ரூமுக்குள் நுழைந்தபோது எல்லோரும் பேச்சை நிறுத்தினார்களே, டிராயிங் டீச்சர் போனைக் கவிழ்த்து வைத்தாரே. தன்னைப் பற்றித்தான் ஏதோ பேசினார்கள் என்று நினைத்தாள். கல்யாணம் ஆகாத ஐம்பத்து நாலு வயதுக்காரியைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்றும் நினைத்தாள். மறுநாள் பாதிப் பேர் லீவு. துட்டிக்குப் போயிருப்பார்களோ. இருபது வருடம் கூடவே இருந்தவள் வீட்டில் ஒரு சாவு, ஊரே போய் உட்கார்ந்து எழுந்து வந்திருக்கிறது, தான் அன்றைக்கு ஆய்வுக்கூடத்தில் பியூரெட் கழுவிக்கொண்டிருந்திருக்கிறாள். நாயகி வாசலைப் பார்த்திருப்பாளோ. எப்சி வருவா, வந்திருவா என்று. இல்லை, வரவே கூடாது என்று.

முதல் வண்டி வந்தது. முதலில் கேட்டின் மணி, பிறகு காரின் தரைப்பலகை நடுங்கியது, பிறகு பெட்டி பெட்டியாக நீலம். சத்தத்துக்குள் இருக்கும்போது எப்சிபாவுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது, எதையும் நினைக்க முடியவில்லை. போனபின் கேட் திறக்கவில்லை. மோட்டார் சைக்கிள்கள் இரண்டு பக்கமும் உரசிக்கொண்டு முன்னால் போய்க் கேட்டை முட்டி நின்றன. எல்லா வண்டியும் அப்படித்தான் போகும், இந்த ஊரில் காருக்குப் பின்னால் காத்து நிற்கிற ஸ்கூட்டர் ஒன்றும் கிடையாது. அவள் மட்டும் ஏன் நிற்கிறாள். புதிதாகப் படித்தவள், இடுக்கில் நுழையப் பயம். அல்லது காரைத் தெரிந்திருக்கிறது. தெரியாமல் இருக்குமா, இந்த நம்பரை இத்தனை வருடம் பின்னால் நின்று பார்த்தவள். பக்கத்தில் வந்தால் ஜன்னலைக் கடக்கவேண்டும், கடக்கும்போது திரும்பவேண்டும், அல்லது திரும்பாமல் இருக்கவேண்டும். பின்னாலேயே நின்றுவிட்டால் இரண்டும் வேண்டாம். அப்படியென்றால் அவளும் இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டுதான் நிற்கிறாள், இந்த ஆவி பிடித்த கண்ணாடியை. எப்சிபா மறுபடி கியரைப் போட்டாள், ஒரே ஒரு நொடி, பொட்டை மட்டும் பார்த்துவிடலாம் என்று. துளி இன்னும் பெரிதாகியிருந்தது. துளிக்கு வெளியே ஒரு கை உயர்ந்தது, உள்ளங்கை இந்தப் பக்கம், நில் என்பதைப் போல. பீப் பீப் பீப். எடுத்துவிட்டாள்.

அந்த உள்ளங்கை கண்ணுக்குள்ளேயே நின்றது. தான் என்ன செய்தோம். எதுவும் செய்யவில்லை, அதைத்தான் எத்தனையோ ராத்திரி படுத்துக்கொண்டு தனக்குத்தானே சொல்லியிருக்கிறாள். அன்றைக்கும் சாரல்தான். சிற்றாற்றுப் பாலத்துக்கு முன்னால் மாடுகள் குறுக்கே வந்ததால் காரை நிறுத்தியிருந்தாள். சங்கரலிங்கம் சாருக்கு வாதம் வந்து படுத்து வருடங்கள் ஆகியிருந்தன, ஒரு பக்கம் வராது, பேச்சு வராது, கண் மட்டும் ஆளைத் தொடர்ந்து வரும். நாயகி விடியுமுன் எழுந்து, துடைத்து, புரட்டிப் போட்டு, கஞ்சி ஊட்டி, பகலுக்கு ஒரு அம்மாளை உட்காரவைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் வருவாள். அன்றைக்கு வழியெல்லாம் பேசவில்லை. மாடுகள் போய்க்கொண்டிருந்தபோது சொன்னாள், வெளியே பார்த்துக்கொண்டே, ரொம்பச் சாதாரணமாக, கடையில் புளி வாங்கவேண்டும் என்பதைப் போல: "சில நேரம் அவுக போய்ச் சேந்துட்டா நல்லாருக்கும்னு தோணுது, எப்சி." எப்சிபா ம் என்றாள். அவ்வளவுதான். மாடுகள் போய்விட்டன, காரை எடுத்தாள், நாயகி தெருமுனையில் இறங்கினாள், போய்ட்டு வாரேன் என்றாள். திங்கட்கிழமை வரவில்லை. அந்த ஒரு எழுத்தில் என்ன இருக்கிறது? கேட்டுக்கொண்டேன் என்று அர்த்தம். கஷ்டந்தான் என்று அர்த்தம். உன்னைத் தப்பாக நினைக்கமாட்டேன் என்று அர்த்தம். வேறென்ன சொல்லியிருக்கவேண்டும்? அப்படிச் சொல்லாதே நாயகி என்று சொல்லியிருந்தால் உபதேசம். கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்றால் அவளுக்குச் சிரிப்பு வரும். கையைப் பிடித்திருக்கலாம். கை கியரில் இருந்தது. சொல்லிவிட்டோமே என்ற வெட்கம், கேட்டவளின் முகத்தில் முழிக்க முடியவில்லை, அதனால்தான் போய்விட்டாள் என்றுதான் எப்சிபா தீர்த்து வைத்திருந்தாள், அப்படித் தீர்த்தால் குற்றம் யார் மேலும் இல்லை. ஆனால் அந்தத் தீர்ப்பில் ஏதோ ஒன்று, பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரின் முழங்கால் மாதிரி, எப்போதும் இடித்துக்கொண்டே இருந்தது. அதே வருடம், பாலத்தில் அவள் அதைச் சொல்வதற்கும் முன்னால், தன் வீட்டுப் பின்னறையில் நின்று ஒரு நாள் இன்னொரு கட்டில் போட இடமிருக்கிறதா என்று பார்த்தாளே. கட்டிலை ஜன்னல் ஓரம் போடலாம், நாயகிக்குக் காற்று வேண்டும், இரண்டு பேரும் ஓய்வு பெற்றபின் காலையில் ஒன்றாகக் காபி குடித்துக்கொண்டு. எதற்காகப் பார்த்தோம் என்று அப்போது யோசிக்கவில்லை. விளக்கை அணைத்துவிட்டு வந்து சோறு வடித்தாள். இப்போது யோசித்தாலும் அந்த இடத்துக்குப் போனதும் நினைப்பு திரும்பிவிடுகிறது, முட்டுச் சந்தில் நுழைந்த வண்டி மாதிரி. கட்டிலுக்கு இடம் இருந்தது. அளந்து பார்க்கவில்லை, கண்ணால் பார்த்ததுதான். அது ஒன்றும் தப்பில்லை.

ரேடியோ இரைந்துகொண்டே இருந்தது, அணைத்தாள். சாரல் கூரையில் விழுகிற சத்தம் கேட்டது. பக்கத்து வேனில் குற்றாலத்துக்குப் போகிற ஆட்கள், ஈரத் துண்டோடு, வெள்ளரிக்காய் தின்றுகொண்டு இவளையே பார்த்தார்கள். லென்ஸைத் துடைக்கவேண்டும். துடைக்காமல் எப்படி வண்டியைப் பின்னால் எடுப்பது, வீட்டுக்குப் போனால் எடுக்கவேண்டுமே. கண்ணாடிக்குக் கீழே கிடந்த மஞ்சள் துணியை எடுத்தாள், கைபிரேக்கை இழுத்தாள், கதவைத் திறந்தாள். பின்னால் நடந்து, ஸ்கூட்டரைப் பார்க்காமல், குனிந்து, நம்பர் பிளேட்டுக்கு மேலே அந்தப் பொத்தானைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள்.

"ரிவர்ஸ் எடுக்கப் போறியோன்னு நினைச்சேன்" என்றது குரல். ஸ்கூட்டரை மறுபடி முன்னால் தள்ளி வந்திருக்கவேண்டும், ஐந்தடிகூட இல்லை.

எடுக்கவில்லை, சும்மா துடைக்கத்தான் என்று எப்சிபா எதையோ சொன்னாள். நிமிர்ந்தாள். துளி இல்லை, கோடு இல்லை, எதிரே இருக்கிற ஒருத்தியின் முகம், அளவில் சரியாக, அவள் நினைத்ததைவிட ரொம்பப் பக்கத்தில். மூக்கின் பக்கத்தில் புதிதாக ஒரு பள்ளம். காதோரம் நரை. நெற்றியில் திருநீற்றுக் கீற்று ஒன்று, ஈரத்தில் பாதி கரைந்திருந்தது; அதற்குக் கீழே, பொட்டு இருந்த இடம் மட்டும் வட்டமாக வெளுத்துத் தெரிந்தது, சுவரில் படம் மாட்டியிருந்து எடுத்த இடத்தைப் போல.

"எப்போ?" என்றாள் எப்சிபா.

மாசியில் என்றாள் நாயகி. ஒரு வாரம் கஞ்சி இறங்கவில்லை, அப்புறம் ஒரு காலையில் கண் தொடரவில்லை. துடைத்துக்கொண்டிருந்தபோதுதான் தெரிந்ததாம். அதை அவள் பலருக்கும் சொல்லிச் சொல்லி வழவழப்பாகிவிட்ட மாதிரி சொன்னாள். எப்சிபா தனக்கு யாரும் சொல்லவில்லை என்றாள். சொன்னதும், அது குறை சொல்கிற மாதிரி இருந்துவிட்டதே என்று வேனின் சக்கரத்தைப் பார்த்தாள்.

"நான்தான் சொல்ல வேண்டாம்னேன்" என்றாள் நாயகி. "உங்க ஸ்கூல்ல எல்லாருகிட்டயும் சொல்லி வச்சேன், எப்சிகிட்ட மட்டும் சொல்லாதீங்கன்னு. நீ வந்து நின்னா என்னால அழ முடியாது. ஊரே வந்து கட்டிப்பிடிச்சு அழுதாக, நானும் அழுதேன், நெசமாத்தான் அழுதேன். நீ வாசல்ல வந்தா நின்னுபோயிருக்கும்."

ஸ்கூட்டரின் சீட்டில் விழுந்த துளிகளை நாயகி கையால் வழித்தாள். கைவிரலில் மோதிரம் தளர்ந்து சுற்றியது. எப்சிபா மஞ்சள் துணியை நாலாக மடித்தாள், விரித்தாள்.

"அன்னைக்கு நீ ஏசுவேன்னு நினைச்சேன்" என்றாள் நாயகி. "என்னட்டி பேச்சு பேசுதன்னு ஒரு வார்த்தை ஏசுவேன்னு. அதுக்குத்தான் உங்கிட்டப் போய்ச் சொன்னேன், வேற யாருகிட்டச் சொல்ல முடியும். நீ ‘ம்’ன்ன. ரொம்ப நாளா அதுக்குக் காத்திட்டிருந்த மாதிரி சொன்ன. வீட்டுக்குப் போயி அவுக முகத்தைப் பாக்க முடியல. ரெண்டு பேரு சேந்து நினைச்சுட்டோமேன்னு இருந்துச்சு." நிறுத்தினாள். பிறகு, கேள்வியா இல்லையா என்று தெரியாத குரலில், "நீயும் அதையேதான் நினைச்சிட்டிருந்தியா?" என்றாள்.

இல்லை என்று சொல்வதற்கு வேண்டிய எல்லாம் எப்சிபாவிடம் இருந்தது, இத்தனை வருடம் சேர்த்துவைத்த அர்த்தங்கள் எல்லாம், கேட்டுக்கொண்டேன், கஷ்டந்தான், தப்பாக நினைக்கமாட்டேன், ஒவ்வொன்றும் சொல்லத் தயாராக. பின்னறையும் ஜன்னலும் வந்தன. காற்றும் காபியும் வந்தன. இந்தத் தடவை நினைப்பு திரும்பிப் போக இடமில்லாமல் அங்கேயே நின்றது.

"ஆமா" என்றாள். "நீ எனக்கு வேணும்னு இருந்துச்சு."

இரண்டாவது வண்டி வந்துவிட்டது. கூட்ஸ், நீண்டுகொண்டே போனது, ஒவ்வொரு பெட்டியும் அடுத்ததை இடித்துக்கொண்டு. அது போய் முடியும்வரை யாரும் எதுவும் பேச முடியாது. இரண்டு பேரும் நனைந்துகொண்டு நின்றார்கள். நாயகி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள், நெற்றியில் மிச்சமிருந்த திருநீறும் போனது. தான் சொன்னது அவளுக்குக் கேட்டதா என்றுகூட எப்சிபாவுக்கு நிச்சயமில்லை. கடைசி வார்த்தை எஞ்சின் சத்தத்தில் போயிருக்கலாம். முகத்தில் கோபம் இருக்கிறதா என்று தேடினாள், இல்லை. மன்னிப்பு இருக்கிறதா, அதுவும் இல்லை. களைத்துப்போன ஒரு மனுஷியின் முகம், பாடவேளை முடிந்து சாக்பீஸ் தூசியோடு ஸ்டாஃப் ரூமுக்குள் வருகிறவளின் முகம். கடைசிப் பெட்டி போனதும் காது அடைத்த மாதிரி அமைதியாக இருந்தது. எல்லா வண்டிகளும் ஒரே நேரத்தில் உறுமின.

"ஏறு" என்றாள் நாயகி. "கேட்டத் திறக்கான்."

எப்சிபா ஏறினாள். சாவியைத் திருப்பினாள். லாரி வைக்கோலை உதிர்த்துக்கொண்டு தண்டவாளத்தில் ஏறி இறங்கியது, அவளும் ஏறி இறங்கினாள். அதற்குள் ஸ்கூட்டர் இடது பக்கமாக வந்து, ஜன்னலைத் தாண்டி, முன்னால் போய்விட்டது. நாயகி திரும்பவில்லை. திரும்பாமல் போனது எப்சிபாவுக்குப் புதிதாக வலிக்கவில்லை, பழைய இடத்திலேயே வலித்தது. வைப்பர் துடைக்கிற ஒவ்வொரு தடவையும் முன்னால் அந்த முதுகு தெளிவாகத் தெரிந்தது, தோளைக் குறுக்கிக்கொண்டு, ஹேண்டிலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ரொம்ப மெதுவாக. காரைக் கடக்க இடது பக்கம் ஒடித்தபோது போட்ட இண்டிகேட்டரை நாயகி அணைக்கவில்லை. அது அடித்துக்கொண்டே இருந்தது. இந்த ரோட்டில் இடது பக்கம் திரும்ப ஒன்றும் இல்லை, வயல்தான். அவள் வீடு வலது பக்கம். பின்னால் வருகிறவன் எவனாவது இடது பக்கம் போகிறாள் என்று நினைத்து வலது பக்கம் ஏறினால். எப்சிபா பின்னாலிருந்து யாரும் முந்தாதபடி நடு ரோட்டிலேயே ஓட்டினாள். ஒரு பஸ் ஹாரன் அடித்தது, வழி விடவில்லை. இன்னும் அடித்தான், விடவில்லை. வலது பக்கம் திரும்பும் முக்கு கண்ணுக்குத் தெரிந்தபோது கியரை மாற்றி, பக்கத்தில் போய், ஜன்னலை இறக்கினாள். சாரல் உள்ளே அடித்தது.

"நாயகி, இண்டிகேட்டர் எரியுது."

நாயகி ரோட்டையே பார்த்துக்கொண்டு கட்டைவிரலால் தடவினாள். முதலில் ஹாரன் அடித்தது. பிறகு முன்விளக்கு எரிந்தது. பிறகுதான் அது அணைந்தது.

"புது வண்டி" என்றாள், முகத்தைத் திருப்பாமல், காற்றுக்குக் கேட்கிற மாதிரி சத்தமாக. "இன்னும் எனக்குக் கை பழகல."

வலது பக்கம் விளக்கைப் போட்டாள், சரியாகத்தான் போட்டாள், நின்று பார்த்து, பஸ்ஸுக்குக் கை காட்டி, திரும்பினாள். எப்சிபா காரை ஓரமாக விட்டு, பஸ் போகட்டும் என்று நின்றாள். பஸ் போனபின் தெருவில் நனைந்த ஆடுகள் இரண்டு நின்றன, வேறு யாரும் இல்லை. ஜன்னலை ஏற்றவில்லை. சாப்பாட்டுப் பை நனைந்துகொண்டிருந்தது. அவள் அப்படியே உட்கார்ந்து, இத்தனை வருடத்துக்குப் பிறகு நாயகி தன்னிடம் சொன்ன அந்தச் சாதாரணமான ஒரு வாக்கியத்தை, இன்னும் எனக்குக் கை பழகல என்பதை, வீட்டுக்குப் போவதற்குமுன், மறுபடி மறுபடி சொல்லிப் பார்த்தாள்.